தையல் பிரிக்க தனி காசு கிடையாது! அமெரிக்க ஆபரேஷன் பில்லில் 90 நாள் கணக்கு

ஆபரேஷன் முடிஞ்சாச்சு. பில் கட்டியாச்சு. ஒரு வாரம் கழிச்சு தையல் பிரிக்கப் போனா, அங்கே இன்னொரு பில்லை நீட்டுறாங்க. "இதுக்கும் தனியா காசா?" என்று வயிற்றெரிச்சலோடு கேட்காதவர்கள் நம்மில் யார்?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு அரசாங்கமே விதி எழுதி வைத்திருக்கிறது. பெரிய ஆபரேஷன் என்றால் அடுத்த 90 நாளைக்கு தையல் பிரிப்பது, கட்டு மாற்றுவது, புண்ணைப் பார்ப்பது எல்லாம் ஆபரேஷன் பீசிலேயே அடங்கிவிடும். ஆபரேஷன் செய்த டாக்டர் அதற்காக தனியாக ஒரு டாலர் கூட கேட்க முடியாது. இந்த நாட்களுக்குப் பெயர்தான் "குளோபல் பீரியட்".

"அமெரிக்கா சமாச்சாரம் நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்த ஊர் ஆபரேஷன் பில்களில் ஒரு பகுதி நம்ம ஊரில்தான் தயாராகிறது. சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று பல ஊர்களில் மெடிக்கல் பில்லிங், மெடிக்கல் கோடிங் கம்பெனிகள் இருக்கின்றன. சாயந்திரம் தெருமுனையில் வேன் வந்து நிற்கும். பையனோ பொண்ணோ பையை மாட்டிக்கொண்டு ஏறிப் போவார்கள். "தம்பி என்ன வேலைக்குப் போறான்?" என்று கேட்டால், "ஏதோ அமெரிக்கா ஆஸ்பத்திரி பில்லுங்க" என்பார் அம்மா.

அந்த "ஏதோ" என்பதற்குள் இருக்கும் முக்கியமான பாடங்களில் ஒன்றுதான் இந்த குளோபல் பீரியட். வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மெடிகேர்

அமெரிக்காவில் 65 வயது ஆனவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் மருத்துவ காப்பீட்டுக்கு "மெடிகேர்" என்று பெயர். 1965-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி அப்போதைய ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்து போட்டு இதைச் சட்டமாக்கினார். உடல் ஊனமுற்றவர்களில் ஒரு பகுதியினரும், சிறுநீரகம் செயல் இழந்தவர்களும் வயது ஆகாவிட்டாலும் இதில் சேரலாம்.

டாக்டர் பில்லை மெடிகேர் முழுசாகக் கட்டாது. வருஷ ஆரம்பத்தில் ஒரு குறிப்பிட்ட தொகையை நோயாளி கைக்காசில் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் வரும் பில்லில் 80 சதவீதத்தை மெடிகேர் கொடுக்கும். மீதி 20 சதவீதம் நோயாளி தலையில்.

இந்த 20 சதவீதத்தில்தான் விஷயமே இருக்கிறது. தையல் பார்த்ததற்கு என்று டாக்டர் 100 டாலர் தனி பில் போட்டு அது பாஸ் ஆகிவிட்டால், அரசாங்கத்துக்கு 80 டாலர் நஷ்டம். வயசான நோயாளிக்கு 20 டாலர் நஷ்டம். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்.

மேஸ்திரி காண்டிராக்ட் மாதிரி

வீடு கட்டுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேஸ்திரியிடம் நாள் கூலிக்கும் வேலை விடலாம். மொத்த காண்டிராக்டுக்கும் விடலாம்.

மொத்த காண்டிராக்ட் பேசிய மேஸ்திரி தளம் போட்டுவிட்டுப் போய், சில நாள் கழித்து வந்து, "சென்ட்ரிங் பிரிக்க தனிக் கூலி கொடுங்க" என்று கேட்டால் விடுவோமா? "பேசின காசுல அதுவும் சேர்த்திதானே!" என்று சண்டைக்குப் போவோம்.

குளோபல் பீரியடும் அதே கதைதான். ஆபரேஷனுக்கு முன்னால் பார்ப்பது, ஆபரேஷன் செய்வது, முடிந்த பிறகு தேறி வரும் வரை பார்ப்பது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. கத்தி பிடித்த கைக்கு மட்டும் அந்தக் காசு இல்லை. தையல் பிரிக்கும் கைக்கும் சேர்த்துத்தான்.

1992-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி மெடிகேர் டாக்டர்களுக்கான புதிய கட்டணப் பட்டியலை அமலுக்குக் கொண்டு வந்தது. ஆபரேஷன் பீசுக்குள் என்னென்ன அடங்கும் என்பதை நாடு முழுவதும் ஒரே மாதிரி ஆக்கியதும் அப்போதுதான். அதற்கு முன்பு ஊருக்கு ஒரு கணக்காக இருந்தது.

3 வகை

எல்லா ஆபரேஷனுக்கும் 90 நாள் கிடையாது. சிறுசு, பெருசு பார்த்து மூன்று வகையாகப் பிரித்து இருக்கிறார்கள்.

* 0 நாள்: குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி போன்றவை. அன்றைய வேலை அன்றோடு சரி. மறுநாள் டாக்டரைப் பார்த்தால் தனி பில் போடலாம்.

* 10 நாள்: சின்ன ஆபரேஷன்கள். சீழ்க்கட்டியை கீறி விடுவது, தோலில் இருக்கும் சாதாரண கட்டியை வெட்டி எடுப்பது போன்றவை. ஆபரேஷன் நாளோடு சேர்த்து மொத்தம் 11 நாள் கணக்கு.

* 90 நாள்: பெரிய ஆபரேஷன்கள். மூட்டு மாற்று, இருதய பைபாஸ், பித்தப்பை, குடல்வால், கண்புரை ஆபரேஷன் எல்லாம் இதில் வரும். முந்தைய ஒரு நாள், ஆபரேஷன் நாள், பிந்தைய 90 நாள் ஆக மொத்தம் 92 நாள்.

கண்புரை ஆபரேஷன் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறதே, அதுவும் பெரிய ஆபரேஷனா என்று கேட்கத் தோன்றும். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை வைத்து இந்தப் பிரிவு இல்லை. மெடிகேர் பட்டியலில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் 5 இலக்க கோடு நம்பர் இருக்கிறது. அந்த நம்பருக்கு எதிரே எத்தனை நாள் என்று போட்டிருக்கும். அதுதான் கணக்கு.

இந்த மூன்றிலும் சேராத சில உண்டு. பிரசவத்துக்கு தனிக் கணக்கு. இன்னொரு ஆபரேஷனோடு ஒட்டிக்கொண்டு வரும் துணை வேலைகளுக்கு தனி நாள் கிடையாது. பெரிய ஆபரேஷனின் நாள்தான் அதற்கும்.

நாள் எண்ணுவது எப்படி?

இங்கேதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஆபரேஷன் நடந்த நாளை முதல் நாளாக எண்ணக் கூடாது. அதற்கு மறுநாள்தான் 1.

மார்ச் 3-ந்தேதி பெரிய ஆபரேஷன் என்று வைத்துக் கொள்வோம். மார்ச் 2-ந்தேதியே கணக்கு தொடங்கிவிடும். மார்ச் 4 முதல் 31 வரை 28 நாள். ஏப்ரலில் 30. மே மாதத்தில் 31. கூட்டினால் 89. ஆக ஜூன் 1-ந்தேதி 90-வது நாள். ஜூன் 2-ந்தேதி அதே டாக்டரைப் பார்க்கப் போனால் பில் போடலாம். ஜூன் 1-ந்தேதி போனால் போட முடியாது. ஒரு நாளில் கணக்கே மாறிவிடும்.

"மூணு மாசம்" என்று குத்துமதிப்பாக எண்ணினால் மாட்டிக் கொள்வோம். மாதத்துக்கு 30, 31, 28 என்று வருவதால் தேதி முன்னே பின்னே ஆகிவிடும்.

பீசுக்குள் அடங்குவது என்னென்ன?

மெடிகேர் விதிப்படி கீழே இருப்பதற்கு எல்லாம் தனி பில் கிடையாது.

* ஆபரேஷன் என்று முடிவான பிறகு, பெரிய ஆபரேஷனுக்கு முந்தைய நாளும் அன்றைக்கும் டாக்டர் வந்து பார்ப்பது.

* ஆபரேஷனில் வழக்கமாகச் செய்யும் எல்லா வேலையும்.

* ஆபரேஷனுக்குப் பிறகு தேறி வரும்போது டாக்டர் பார்ப்பது. வார்டில் பார்த்தாலும் சரி, அவர் கிளினிக்கில் பார்த்தாலும் சரி.

* கட்டு மாற்றுவது, புண்ணை சுத்தம் செய்வது, தையல் பிரிப்பது, ஸ்டேப்ளர் பின் எடுப்பது.

* உள்ளே வைத்த குழாய், டியூப், பஞ்சு எடுப்பது. மாவுக்கட்டு பிரிப்பது.

* சிறுநீர் குழாய் போடுவது, எடுப்பது. மூக்கு வழியாக டியூப் விடுவது.

* ஆபரேஷன் வலிக்கு அந்த டாக்டரே வைத்தியம் பார்ப்பது.

* ஆபரேஷனால் வந்த சிக்கலை, மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டு போகாமல் சரி செய்வது.

கடைசியில் சொன்னதை அடிக்கோடு போட்டுக் கொள்ளுங்கள். புண்ணில் சீழ் வைத்துவிட்டது, டாக்டர் தன் ரூமிலேயே உட்கார வைத்து சுத்தம் செய்துவிட்டார் என்றால் அதற்கும் காசு கிடையாது.

ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் பதிலாக அவருடைய கூட்டாளி டாக்டர் வந்து பார்த்தால்? ஒரே குரூப், ஒரே துறை என்றால் இருவரையும் ஒரே ஆளாகத்தான் மெடிகேர் பார்க்கும். ஆளை மாற்றி பில் போடும் வேலை நடக்காது.

இப்படி அடங்கிய வேலைக்கு பில் அனுப்பினால் மெடிகேர் திருப்பி அனுப்பிவிடும். "அப்ப நீங்க குடுங்க" என்று நோயாளியிடமும் டாக்டர் வசூல் செய்யக் கூடாது.

அடங்காதது என்னென்ன?

டாக்டர் பக்கமும் நியாயம் வேண்டும் அல்லவா? 90 நாளில் எது நடந்தாலும் இலவசம் என்று சொல்ல முடியாது. கீழே இருப்பதற்கு தனி பில் போடலாம்.

* பெரிய ஆபரேஷன் தேவையா, இல்லையா என்று முடிவு செய்ய முதன்முதலில் பார்ப்பது.

* எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை போன்றவை.

* ஆபரேஷனுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு நோய்க்குப் பார்ப்பது.

* சர்க்கரை, பிரஷர் என்று வேறு டாக்டர் வந்து பார்ப்பது.

* சிக்கல் பெரிதாகி மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது.

* முதல் ஆபரேஷனிலேயே "இரண்டு கட்டமாகச் செய்வோம்" என்று திட்டம் போட்டு, இரண்டாவது கட்டம் செய்வது.

* உறுப்பு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு, புது உறுப்பை உடம்பு தள்ளாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து வைத்தியம்.

"ஆபரேஷன் தியேட்டர்" என்ற வார்த்தைக்கும் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். இருதயத்துக்கு குழாய் விடும் கேத் லேப், லேசர் அறை, எண்டோஸ்கோபி அறை எல்லாம் தியேட்டர் கணக்கு. நோயாளியின் ரூம், சின்ன சிகிச்சை அறை, மயக்கம் தெளியும் அறை எல்லாம் தியேட்டர் இல்லை. ஐ.சி.யு.வும் தியேட்டர் இல்லை. நோயாளியைத் தூக்கிப் போகவே நேரம் இல்லை என்கிற அளவுக்கு மோசமாக இருந்தால் மட்டும் ஐ.சி.யு.வுக்கு விதிவிலக்கு.

அந்த 2 இலக்க நம்பர்

தனி பில் போடலாம் என்றால் சும்மா போட்டு அனுப்ப முடியாது. "இது அந்த 90 நாள் கணக்கில் சேராது, காரணம் இது" என்று சொல்ல கோடு நம்பருக்குப் பின்னால் 2 இலக்க நம்பர் சேர்க்க வேண்டும். அதற்கு "மாடிபையர்" என்று பெயர். கோடிங் வேலைக்குப் படிக்கிறவர்கள் இதை தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

* 24: ஆபரேஷனுக்குச் சம்பந்தம் இல்லாத நோய்க்காக அதே டாக்டர் பார்த்தது.

* 25: சின்ன ஆபரேஷன் நடந்த அதே நாளில், அதற்கு மேலாக தனியாக ஒரு நோயைப் பார்த்தது.

* 57: பெரிய ஆபரேஷன் வேண்டும் என்று முடிவு செய்த பார்வை. முந்தைய நாளிலோ அன்றைக்கோ நடந்திருந்தால் இது வேண்டும்.

* 58: திட்டம் போட்டபடி அடுத்த கட்ட ஆபரேஷன்.

* 78: சிக்கல் ஆகி, எதிர்பாராமல் மறுபடியும் தியேட்டருக்குப் போனது.

* 79: முதல் ஆபரேஷனுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஆபரேஷன்.

இதில் 78-க்கும் 79-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 79 போட்டால் முழு பீஸ். புதிதாக நாள் கணக்கும் தொடங்கும். 58-க்கும் புதிய நாள் கணக்கு தொடங்கும். ஆனால் 78 போட்டால் கத்தி பிடித்த வேலைக்கு மட்டும்தான் காசு. புது நாள் கணக்கு கிடையாது. பழைய 90 நாளே ஓடும்.

ஒரு தாத்தாவின் கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். மெடிகேரில் இருக்கும் ஒரு தாத்தாவுக்கு மார்ச் 3-ந்தேதி பித்தப்பை ஆபரேஷன்.

மார்ச் 12-ந்தேதி தையலைக் காட்டப் போகிறார். தனி பில் இல்லை.

மார்ச் 20-ந்தேதி புண்ணில் சீழ். டாக்டர் தன் கிளினிக்கிலேயே சுத்தம் செய்கிறார். அதற்கும் இல்லை.

ஏப்ரல் 10-ந்தேதி வயிற்றுக்குள் சிக்கல். மறுபடியும் தியேட்டர். இப்போது 78 போட்டு பில் அனுப்பலாம். ஆனால் முதல் ஆபரேஷனின் கடைசி நாள் ஜூன் 1 என்பது மாறாது.

மே 5-ந்தேதி தாத்தா அதே டாக்டரிடம் போய், "தொடை இடுக்குல வீக்கமா இருக்கு சார்" என்கிறார். பார்த்தால் குடலிறக்கம். பித்தப்பைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 24 போட்டு பில் அனுப்பலாம்.

மே 15-ந்தேதி குடலிறக்க ஆபரேஷன். 79. முழு பீஸ். அன்றிலிருந்து இன்னொரு 90 நாள். ஆகஸ்டு 13-ந்தேதி வரை அந்தக் கணக்கு ஓடும்.

இதில் மே 5-ந்தேதி பில்லுக்கு 24 போட மறந்தால், "இது பித்தப்பை கணக்கில் சேர்த்தி" என்று கம்ப்யூட்டரே தள்ளிவிடும். டாக்டருக்கு நியாயமாக வர வேண்டிய காசு நிற்கும். அதற்காக நம்ம ஊர் பையன் ராத்திரி போன் போட்டு அமெரிக்காக்காரரிடம் பேசிப் பேசி வாங்க வேண்டும்.

மாறாக மார்ச் 12-ந்தேதி தையல் பார்த்ததற்கு 24 போட்டு அனுப்பினால்? அது பொய் பில். பொய் பில் போட்டு அரசாங்கக் காசை வாங்குகிறவர்களை நஷ்டஈடு கட்ட வைக்கும் சட்டம் அமெரிக்காவில் 1863-ம் ஆண்டில் இருந்தே இருக்கிறது; இப்போது அது மூன்று மடங்கு வரை போகும். அவர்கள் உள்நாட்டுப் போர் நேரத்தில் ராணுவத்துக்கு மோசமான சரக்கு விற்ற வியாபாரிகளைப் பிடிக்க கொண்டு வந்த சட்டம், இன்றைக்கு ஆஸ்பத்திரி பில்லுக்கும் பாய்கிறது.

ஆபரேஷன் ஒருவர், பார்ப்பது ஒருவர்

சில நேரம் பெரிய ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டு, சொந்த ஊரில் வேறு டாக்டரிடம் காட்டுவார்கள். அப்போது காசை எப்படிப் பிரிப்பது?

கண்புரை ஆபரேஷனில் இது அதிகம். ஆபரேஷன் செய்வது கண் டாக்டர். பிறகு பார்ப்பது பக்கத்து ஊர் ஆப்டோமெட்ரிஸ்ட். மெடிகேர் கணக்குப்படி கண்புரை பீசில் 10 சதவீதம் முன்னால் பார்ப்பதற்கு, 70 சதவீதம் ஆபரேஷனுக்கு, 20 சதவீதம் பிறகு பார்ப்பதற்கு.

பீஸ் 1,000 டாலர் என்று வைத்துக் கொண்டால், ஆபரேஷன் செய்தவருக்கு 800. பிறகு பார்க்க 200. அந்த 200-ஐ நாள் கணக்கில் பிரிப்பார்கள். முதல் 18 நாள் ஆபரேஷன் டாக்டரே பார்த்து, மீதி 72 நாளை மற்றவரிடம் விட்டால் அவருக்கு இன்னும் 40 டாலர். மற்றவருக்கு 160 டாலர்.

பில்லில் ஆபரேஷன் டாக்டர் 54 என்றும், பிறகு பார்ப்பவர் 55 என்றும் மாடிபையர் போட வேண்டும். முன்பெல்லாம் இரண்டு பேரும் எழுத்து மூலம் கை மாற்றிக் கொண்டால்தான் 54 கட்டாயம். 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல் 90 நாள் ஆபரேஷன் எதுவாக இருந்தாலும், "நான் ஆபரேஷன் மட்டும்தான் செய்யப் போறேன்" என்று டாக்டர் நினைத்தாலே, எழுத்தில் இல்லாவிட்டாலும் 54 போட வேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி பில் வேறு

ஒரு குழப்பம் வராமல் இருக்க இதையும் சொல்லிவிட வேண்டும். இந்த 90 நாள் கணக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டரின் பீசுக்கு மட்டும். படுக்கை வாடகை, தியேட்டர் வாடகை, நர்சு செலவு எல்லாம் ஆஸ்பத்திரியின் தனி பில். மயக்க மருந்து டாக்டருக்கும் தனி பில்.

அதனால்தான் அமெரிக்காவில் ஒரே ஆபரேஷனுக்கு வீட்டுக்கு மூன்று, நான்கு கவர் வரும். எந்த கவர் யாருடையது என்று தெரியாமல் அங்கே இருக்கிறவர்களே தலையைச் சொறிவார்கள்.

வராத பார்வைக்கு காசா?

இந்த முறையில் பெரிய சண்டையும் ஓடிக்கொண்டு இருக்கிறது.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளியை இத்தனை தடவை பார்ப்பார் என்று கணக்குப் போட்டுத்தான் மெடிகேர் டாக்டருக்கு மொத்தமாகக் காசு கொடுக்கிறது. டாக்டர் அத்தனை தடவை பார்க்கவில்லை என்றால்? நோயாளி வரவே இல்லை என்றால்? அப்போதும் அதே காசுதான்.

அமெரிக்க சுகாதாரத் துறையின் தணிக்கை அதிகாரிகள் 2009, 2012-ம் ஆண்டுகளில் கொடுத்த அறிக்கைகளில், பல ஆபரேஷன்களில் கணக்கில் போட்ட தடவைக்கும் உண்மையில் பார்த்த தடவைக்கும் பொருந்தவில்லை என்று சொன்னார்கள்.

2014-ம் ஆண்டு மெடிகேர் நிர்வாகம் ஒரு அதிரடி முடிவு எடுத்தது. 10 நாள், 90 நாள் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு, எல்லா ஆபரேஷனையும் 0 நாள் ஆக்கிவிடலாம் என்றது. 10 நாள் முறைக்கு 2017-லும், 90 நாள் முறைக்கு 2018-லும் முடிவு கட்டத் தேதியும் குறித்தது. பார்த்தால் காசு, பார்க்காவிட்டால் இல்லை என்பது அவர்கள் நியாயம்.

ஆபரேஷன் டாக்டர்கள் கொதித்து எழுந்தார்கள். ஒவ்வொரு தடவைக்கும் 20 சதவீதம் கொடுக்க வேண்டி வந்தால் நோயாளி தையல் பிரிக்கக் கூட வரமாட்டான், காசுக்கு பயந்து புண்ணை முற்ற விட்டுவிடுவான் என்பது அவர்கள் வாதம். 2015-ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க பாராளுமன்றம் சட்டம் போட்டு அந்த முடிவை நிறுத்தியது. "முதலில் உண்மையில் எத்தனை தடவை பார்க்கிறார்கள் என்று கணக்கு எடுங்கள்" என்றது.

அதன்படி 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் புளோரிடா, ஒகையோ, நியூஜெர்சி உள்பட 9 மாநிலங்களில் பெரிய டாக்டர் குரூப்புகள், காசு இல்லாத ஒவ்வொரு பார்வையையும் 99024 என்ற கோடு போட்டுத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயம் ஆனது. அந்த முதல் வருஷ கணக்கை "ராண்ட்" என்ற ஆராய்ச்சி நிறுவனம் அலசியது. 10 நாள் வகை சின்ன ஆபரேஷன்களில் 100-க்கு 4-ல் மட்டுமே பிறகு பார்த்ததாகப் பதிவு இருந்தது. 90 நாள் வகையில் எதிர்பார்த்த பார்வைகளில் 100-க்கு 39 மட்டுமே பதிவு ஆகி இருந்தது.

"பார்க்காமல் இல்லை, பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள்" என்று டாக்டர்கள் சங்கங்கள் பதில் சொல்லின. சண்டை இன்னும் முடியவில்லை. 10 நாள், 90 நாள் முறையும் ஒழியவில்லை.

தனியார் இன்சூரன்ஸ்

மெடிகேர் விதி எல்லா இன்சூரன்சுக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. கோடு நம்பர் பட்டியலை வெளியிடும் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் விளக்கப்படி, வழக்கமான பின் கவனிப்பு மட்டும்தான் ஆபரேஷனில் சேர்த்தி. சிக்கல் வந்தால் தனி பில் போடலாம்.

புண்ணில் சீழ் பிடித்த தாத்தா மெடிகேர்காரர் என்றால் காசு இல்லை. சில தனியார் இன்சூரன்சில் இருந்தால் பில் வரலாம். அதனால் பில் போடும் முன் "எந்த இன்சூரன்ஸ்?" என்று பார்ப்பதுதான் கோடிங் வேலையில் முதல் வேலை.

நம்ம ஊரில் எப்படி?

அமெரிக்க விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆபரேஷன் காசில் பின் கவனிப்பும் சேர்த்தி என்ற எண்ணம் இங்கேயும் இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை.

2018-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந்தேதி தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தைய 3 நாள், வீட்டுக்கு வந்த பிறகு 15 நாள் வரை பரிசோதனை, மருந்து செலவு அடங்கும். தமிழ்நாட்டில் இது முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. ஆயுஷ்மான் திட்டத்துக்கு புகார் சொல்ல 14555 என்ற இலவச எண் இருக்கிறது.

காசு கட்டி எடுக்கும் பாலிசிகளிலும் இது உண்டு. 2020-ம் ஆண்டு ஏப்ரல் முதல் வந்த "ஆரோக்ய சஞ்சீவனி" பாலிசியில் சேருவதற்கு முந்தைய 30 நாள், வீட்டுக்கு வந்த பிறகு 60 நாள் செலவை கேட்டு வாங்கலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஆகும் செலவை பெரும்பாலும் முதலில் நம் கைக்காசில் கட்டிவிட்டு, பிறகு பில்லைக் காட்டித்தான் வாங்க வேண்டும். மெடிக்கல் கடை பில், ஸ்கேன் பில், டாக்டர் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பில் இல்லை என்றால் காசு இல்லை.

கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க 90 நாள் ஆபரேஷன் நடந்த நாளுக்கு மறுநாள் தொடங்கும். நம்ம ஊர் 15 நாளும் 60 நாளும் டிஸ்சார்ஜ் ஆன தேதியில் இருந்து. டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் எதுவும் இல்லாமல் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பேக்கேஜ் பேசும்போதே இந்த நாலு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

1. இந்த பேக்கேஜில் தையல் பிரிப்பதும் கட்டு மாற்றுவதும் சேர்த்தியா?

2. வீட்டுக்குப் போன பிறகு எத்தனை தடவை, எத்தனை நாள் வரை காசு இல்லாமல் டாக்டரைப் பார்க்கலாம்?

3. புண் ஆறாமல் சிக்கல் ஆனால் யார் செலவு?

4. இதை எல்லாம் எஸ்டிமேட் பேப்பரில் எழுதிக் கொடுப்பீர்களா?

வெட்கப்படாமல் கேளுங்கள். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க புண்ணைக் காட்டாமல் வீட்டிலேயே இருந்து, அது சீழ் பிடித்து, மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுக்கிறவர்கள் உண்டு. கட்டிய காசில் அந்தப் பார்வையும் சேர்த்தி என்று முதலிலேயே தெரிந்திருந்தால், பாதி பேர் தேதி தவறாமல் போய் காட்டி இருப்பார்கள்.

அடுத்த தடவை தெருமுனையில் வேன் ஏறும் பையனைப் பார்த்தால், "தம்பி, நாள் எண்ணும்போது மறுநாள்தானே 1?" என்று கேட்டுப் பாருங்கள். ஆச்சரியப்பட்டுப் போவான்!